விமான இன்ஜின் சோதனை உத்தரவுகள்: மலையிலிருந்து இறங்கும் முன் கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் விமான நிலையம் கிடையாது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டிக்காரர்கள் கோவை பீளமேட்டுக்கு இறங்க வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் என்றால் கோழிக்கோடு. பிள்ளைகள் துபாயிலும் பெங்களூரிலும் வேலை பார்ப்பதால் விமானம் ஏறாத வீடு இப்போது இங்கே குறைவு. நான் இன்ஜின் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பது கோத்தகிரி மார்க்கெட்டில் எப்படியோ பரவிவிட்டது. "இன்ஜின்களைச் சோதிக்க உத்தரவு" என்று தொலைக்காட்சியில் ஓடிவிட்டால் போதும், ஆட்கள் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். கேட்பது பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சார், அரசு உத்தரவு என்கிறார்களே, அதில் அப்படி என்னதான் இருக்கும்?

எந்த இன்ஜின், அதில் எந்தப் பாகம், எந்த முறையில் சோதிக்க வேண்டும், எதற்குள் முடிக்க வேண்டும் என்று இருக்கும். இதற்கு 'ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ்' என்று பெயர். பட்டறையில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை, 'ஏ.டி.' என்போம். பல ஏ.டி.க்களில் இன்ஜினின் வரிசை எண் வரை குறித்திருக்கும். ஆகவே "எல்லா விமானங்களையும் சோதிக்க உத்தரவு" என்று செய்தி வாசித்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம்.

ஏ.டி. சட்டத்துக்குச் சமம். அதில் சொன்னதைக் குறித்த காலத்துக்குள் செய்யாவிட்டால் விமானம் பறக்கும் தகுதியை இழந்துவிடும். விமானம் பளபளவென்று இருக்கிறது, போன வாரம்தான் சர்வீஸ் முடிந்தது என்பதெல்லாம் அங்கே செல்லாது.

அமெரிக்காவில் போடும் உத்தரவு நம் ஊர் விமானத்துக்கு எப்படிப் பொருந்தும்?

இன்ஜினை வடிவமைத்த நாட்டின் விமானத் துறைக்குத்தான் அதன் உள்விவரம் முழுக்கத் தெரியும். உலகம் முழுவதும் அந்த இன்ஜினில் வரும் கோளாறுகளும் அங்கேதான் போய்ச் சேரும். எனவே முதல் உத்தரவு பெரும்பாலும் அங்கிருந்து வரும். அமெரிக்க இன்ஜினுக்கு எஃப்.ஏ.ஏ., ஐரோப்பாவுக்கு ஈ.ஏ.எஸ்.ஏ., கனடா இன்ஜினுக்கு டிரான்ஸ்போர்ட் கனடா. வடிவமைத்த நாடு இத்தகைய தகவலை, விமானத்தைப் பதிவு செய்த நாடுகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் எட்டாம் இணைப்பில் உள்ள விதி.

நம் நாட்டில் அதைக் கட்டாயமாக்குவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ. வெளியிலிருந்து வந்ததை அப்படியே ஏற்பதோடு நில்லாமல் அதைவிடக் கடுமையாகவும் நடந்துகொள்ளும். ஏழாவது கேள்வியில் அதற்கு ஓர் உதாரணம் வருகிறது.

நாளை மறுநாள் டிக்கெட் போட்டிருக்கிறோம். இன்று உத்தரவு வந்திருக்கிறது. ஏறலாமா, வேண்டாமா?

ஏறலாம். எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான், ஆனால் பயப்பட வேண்டிய இடம் இது இல்லை. உடனே ஆபத்து என்று கருதினால் 'அடுத்த பறத்தலுக்கு முன்' என்று எழுதிவிடுவார்கள். அந்த விமானம் நகரவே நகராது. நாள்கணக்கில் அவகாசம் கொடுத்திருந்தால், அதற்குள் விரிசல் ஆபத்தான அளவுக்கு வளர வாய்ப்பு மிகக் குறைவு என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

2018 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றில், நடுவானில் இன்ஜினின் முன்விசிறித் தகடு ஒன்று முறிந்தது. நாங்கள் ஃபேன் பிளேடு என்போம். சிதறிய துண்டு ஜன்னலை உடைத்ததில் ஒரு பயணி இறந்தார். மூன்றே நாளில் எஃப்.ஏ.ஏ. அவசர உத்தரவு போட்டது: 30,000 சைக்கிளைத் (சைக்கிள் என்ன என்பது அடுத்த கேள்வியில்) தாண்டிய அந்த ரகத் தகடுகளை 20 நாளுக்குள் அல்ட்ராசானிக் முறையில் சோதிக்க வேண்டும். அதிகம் உழைத்த தகடுகளுக்கு முதலில், மற்றவற்றுக்குப் பின்னால் வந்த உத்தரவுகளில். ஆபத்து எங்கே கூடுதலோ அங்கே வரிசை தொடங்கும்.

அது என்ன சைக்கிள்? எத்தனை மணி நேரம் ஓடியது என்றுதானே பார்க்க வேண்டும்?

இன்ஜினைக் கிளப்பி, மேலேறி, இறங்கி, அணைத்தால் ஒரு சைக்கிள். கோவையிலிருந்து சென்னைக்கு ஒரு மணி நேரம் பறந்தாலும் ஒன்று, சிங்கப்பூருக்கு நான்கு மணி நேரம் பறந்தாலும் ஒன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறி இறங்கும் பஸ்ஸையும் கோவை–சேலம் நெடுஞ்சாலையில் ஓடும் பஸ்ஸையும் நினைத்துக்கொள்ளுங்கள். மலை பஸ் ஓடும் தூரம் மூன்றில் ஒரு பங்குதான். பிரேக்கும் கியரும் முதலில் தேய்வது எதில் என்று பர்லியார் தாண்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உலோகத்தை வாட்டுவது ஒவ்வொரு முறையும் சூடாகிக் குளிர்வதும், சுழற்சியின் இழுவிசை ஏறி இறங்குவதும்தான். மேலே ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் நேரம் அதற்கு ஓய்வு மாதிரி. அதனால்தான் குறுந்தூர விமானங்களின் இன்ஜின்கள் சைக்கிள் கணக்கில் சீக்கிரம் மூப்படைகின்றன.

வெளியில் நின்று டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். அதுதான் சோதனையா?

இல்லை. அது ஒவ்வொரு பயணத்துக்கும் முன் செய்யும் சாதாரண நோட்டம். பறவை மோதியதா, தகட்டில் நெளிவு இருக்கிறதா என்று பார்ப்பது. ஏ.டி. தேடும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலும் தகட்டின் அடிப்பகுதி டிஸ்க்கின் காடிக்குள் செருகியிருக்கும் இடத்தில் ஒளிந்திருக்கும். டிஸ்க் என்பது தகடுகளையெல்லாம் தாங்கிச் சுழலும் கனத்த வட்டு.

இன்ஜினைப் பிரிக்காமல் உள்ளே பார்க்க போரோஸ்கோப் உண்டு. முனையில் கேமரா வைத்த மெல்லிய குழாயைத் துளை வழியே விட்டு, உள் தகடுகளை ஒவ்வொன்றாகச் சுற்றிவிட்டுப் பார்ப்பார்கள். பொறுமை வேண்டிய வேலை, கழுத்து வலிக்கும். பிரித்த பாகங்களுக்கு ஒளிரும் திரவச் சோதனை: திரவத்தில் நனைத்துக் கழுவி, மேலே பொடி தூவி, இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் பார்த்தால் விரிசல் மட்டும் பச்சைக் கோடாக ஒளிரும். மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே உள்ளதை எடி கரண்ட் சுருளும், இன்னும் ஆழத்தில் உள்ளதை அல்ட்ராசானிக்கும் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது கேள்வியில் சொன்ன 737 இன்ஜினில் 24 முன்விசிறித் தகடுகள். இன்ஜினை இறக்கையிலிருந்து கழற்றாமலேயே அல்ட்ராசானிக் கருவியால் சோதிக்க, ஓர் இன்ஜினுக்குச் சுமார் 4 மணி நேரம் என்று உற்பத்தியாளர் சொன்னார்.

ஒரு தகடு உடைந்தால் என்ன? இன்னொரு இன்ஜின் இருக்கிறதே?

தகடு மட்டும் உடைந்தால் பெரும்பாலும் சரிதான். புது ரக இன்ஜினுக்கு அனுமதி தரும் முன், அது முழு வேகத்தில் சுற்றும்போது ஒரு தகட்டை வேண்டுமென்றே வெடிவைத்து முறிப்பார்கள். சிதறல் முழுவதும் இன்ஜின் கூட்டுக்குள் அடங்க வேண்டும். 2021 பிப்ரவரி 20 அன்று டென்வரில் யுனைடெட் 777 ஒன்றின் முன்விசிறித் தகடு முறிந்து, உறைத்தகடுகள் வீடுகள் மேல் விழுந்தன. ஆனால் விமானம் பத்திரமாகத் திரும்பியது, யாருக்கும் காயமில்லை.

டிஸ்க் உடைந்தால் கதை வேறு. அதன் வேகத்தையும் எடையையும் தாங்கும் கூடு கட்டினால் விமானம் எழும்பாது. அதனால் டிஸ்க் உடையவே கூடாது என்பதுதான் விதி. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இத்தனை சைக்கிள் என்று ஆயுள் வரம்பு உண்டு. வரம்பு வந்ததும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கழித்துவிட வேண்டும். 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்த யுனைடெட் டி.சி.-10 விமானத்தில் உடைந்தது இப்படிப்பட்ட டைட்டானியம் டிஸ்க். வரம்பு 18,000 சைக்கிள், உடைந்தது 15,503-ல். டைட்டானியத்தை உருக்கியபோதே நேர்ந்த சிறு குறை ஒன்று, பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் 112 உயிர்களைக் கொண்டுபோனது. சிதறிய துண்டுகள், விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் அறுத்துவிட்டன. அதன் பிறகுதான் சுழலும் டைட்டானியப் பாகங்களின் தயாரிப்பும் சோதனையும் அடியோடு மறுபரிசீலனைக்கு வந்தன.

பழைய விமானத்துக்குத்தானே இதெல்லாம்? இப்போது வருவதெல்லாம் புதிது என்கிறார்களே?

புதிது என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை. இந்தியாவிலேயே இதற்கு உதாரணம் உண்டு. ஏ320நியோ விமானங்களில் பல பிராட் அண்ட் விட்னியின் பி.டபிள்யூ.1100ஜி இன்ஜினோடு வந்தன. அதில் குறிப்பிட்ட வரிசை எண்ணுக்குப் பிறகு வந்த இன்ஜின்களில், உள்ளே கசிவைத் தடுக்கும் ஒரு சீலில் கோளாறு தெரிந்தது. 2018 பிப்ரவரியில் ஐரோப்பிய உத்தரவு, இரண்டு பக்கமும் அத்தகைய இன்ஜின் உள்ள விமானங்களை மட்டும் நிறுத்தியது. மார்ச் 12 அன்று டி.ஜி.சி.ஏ. ஒரு பக்கம் இருந்தாலும் பறக்கக் கூடாது என்றது. இண்டிகோவில் எட்டு, கோஏரில் மூன்று, ஆக 11 விமானங்கள் ஒரே நாளில் தரையில் நின்றன. பயணிகள் திட்டித்தீர்த்தார்கள். அன்று இயக்குநரகம் செய்ததுதான் சரி என்பேன்.

2023 ஜூலையில் அதே இன்ஜினில் வேறொரு சிக்கல். 2015-ன் இறுதிக்கும் 2021-ன் மூன்றாம் காலாண்டுக்கும் இடையே உலோகப்பொடியிலிருந்து உருவாக்கிய டிஸ்க்குகளில் அசுத்தம் கலந்திருக்கலாம் என்று நிறுவனமே அறிவித்தது. உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான இன்ஜின்களைக் கழற்றி அல்ட்ராசானிக் சோதனைக்கு அனுப்ப வேண்டி வந்தது. கழற்றுவது எளிது, பட்டறையில் இடமும் மாற்று இன்ஜினும் கிடைப்பதுதான் கடினம். கோவை ஓடுபாதையோரம் இன்ஜின் இல்லாத விமானம் நிற்பதைப் பார்த்தால் பழுதென்று நினைத்துவிடாதீர்கள். அது வரிசையில் காத்திருக்கலாம்.

நாங்கள் கொடைக்கானல்காரர்கள். மதுரையில் விசிறி சுற்றும் சின்ன விமானத்தில் ஏறுகிறோம். அதற்கு இதெல்லாம் உண்டா?

உண்டு. ஏ.டி.ஆர். விமானத்தில் வெளியே சுழல்வது புரோப்பெல்லர், உள்ளே இருப்பது டர்பைன் இன்ஜின்தான். பிராட் அண்ட் விட்னி கனடா செய்வது என்பதால் முதல் உத்தரவு கனடாவிலிருந்து வரும். புரோப்பெல்லருக்கென்று தனி ஏ.டி.க்களும் உண்டு.

கம்பெனிக்காரனே சோதித்து, கம்பெனிக்காரனே 'சரி' என்று எழுதிக்கொள்வதுதானே? யார் பார்க்கப் போகிறார்கள்?

கையெழுத்துப் போடுபவர் கம்பெனியின் சம்பளக்காரர்தான், உரிமம் மட்டும் அவர் பெயரில் டி.ஜி.சி.ஏ. கொடுத்தது. பொய் எழுதி மாட்டினால் போவது அவருடைய உரிமமும் பிழைப்பும். பட்டறைக்கும் தனி அங்கீகாரம் வேண்டும். எந்த ஏ.டி., எந்தத் தேதியில், எத்தனையாவது சைக்கிளில், எந்தக் கருவியால் என்று ஆவணம் இருந்தாக வேண்டும். விமானத்தின் தகுதிச் சான்றை ஆண்டுதோறும் மறுஆய்வு செய்யும்போது அந்த ஏடுகளைப் புரட்டுவார்கள், இடையிலும் திடீர் ஆய்வு வரும்.

இது முழுக் காப்பு என்று சொல்லமாட்டேன். ஆய்வாளர்கள் எண்ணிக்கை போதாது என்ற குறை பல ஆண்டுகளாகப் பேசப்படுவது. ஆனால் காகிதம் அழியாது. விபத்து விசாரணைக்கு வந்தவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

சோதித்த பிறகும் உடைந்திருக்கிறதா?

உடைந்திருக்கிறது. 1996 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் பென்சகோலாவில், ஓடுபாதையில் வேகமெடுத்த டெல்டா எம்.டி.-88 ஒன்றின் முன்விசிறி ஹப் (தகடுகளைத் தாங்கும் நடுப்பாகம்) சிதறி, பயணிகள் இருவர் இறந்தனர். ஹப்பில் துளையிட்டபோதே உண்டான சேதத்திலிருந்து விரிசல் வளர்ந்திருந்தது. முந்தைய அக்டோபரில் அதே பாகத்துக்கு ஒளிரும் திரவச் சோதனை நடந்திருந்தது. விரிசல் அப்போதே இருந்தும் கண்ணில் படவில்லை.

இருட்டறையில் நூறு பாகங்களைப் பார்த்து நூறிலும் ஒன்றுமில்லை என்றானவனுக்கு, நூற்றியோராவதிலும் ஒன்றுமில்லை என்றே தோன்றும். கெட்ட எண்ணம் இல்லாமலேயே இது நடக்கும். அதனால் ஒரே சோதனையை நம்புவதில்லை. விரிசல் கண்டுபிடிக்கும் அளவுக்கு வளர்ந்ததிலிருந்து உடையும் வரை எத்தனை சைக்கிள் ஆகும் என்று கணக்கிட்டு, அந்த இடைவெளிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட சோதனை வருமாறு கெடு வைப்பார்கள். ஒருவர் தவறவிட்டால் அடுத்தவர் பிடிக்க வேண்டும். "போன வருஷம்தானே பார்த்தோம், மறுபடியும் ஏன்?" என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

'பரிந்துரை' என்று ஒன்று வருகிறதாம், 'கட்டாயம்' என்று ஒன்று வருகிறதாம். இரண்டும் ஒன்றா?

இத்தனை கேள்விகளில் முக்கியமானது இதுதான், கேட்பவர்கள்தான் குறைவு. உற்பத்தியாளர் அனுப்புவது சர்வீஸ் புல்லட்டின். அரசுத் துறையும் சில நேரம் கட்டாயமில்லாத தகவல் அறிக்கை விடும். இரண்டையும் நிறுவனம் செய்யலாம், விடலாம். ஏ.டி.யாக மாறினால்தான் கட்டாயம்.

2018-ல் முறிந்த தகட்டுக்கு முன்கதை உண்டு. 2016 ஆகஸ்ட் 27 அன்று அதே சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் வேறொரு 737-ல் அதே ரகத் தகடு முறிந்து, விமானம் பென்சகோலாவில் இறங்கியது. உற்பத்தியாளர் சோதிக்கச் சொல்லி புல்லட்டின் அனுப்பினார். 2017 ஆகஸ்டில் எஃப்.ஏ.ஏ. அதைக் கட்டாயமாக்க வரைவு வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. சில விமான நிறுவனங்கள் கூடுதல் அவகாசம் கேட்டன. 2018 மார்ச் இறுதியில் ஐரோப்பா ஒன்பது மாதக் கெடுவோடு கட்டாயமாக்கியது. அமெரிக்க வரைவு அப்போதும் வரைவாகவே இருந்தது. அடுத்த மாதம் அந்தப் பயணி இறந்தார். வரைவுக்குப் பல மாதங்கள், மரணத்துக்குப் பின் மூன்று நாள்.

அண்மையில் நம் நாட்டிலும் இந்த வித்தியாசம் பேசப்பட்டது. 2018 டிசம்பரில் எஃப்.ஏ.ஏ., போயிங் விமானங்கள் சிலவற்றின் எரிபொருள் சுவிட்சுப் பூட்டை (சுவிட்சு தானாக நகராமல் தடுப்பது) சோதிக்குமாறு தகவல் அறிக்கை விட்டது. ஏ.டி. போடவில்லை. கட்டாயம் இல்லாததால் ஏர் இந்தியா அந்தச் சோதனையைச் செய்யவில்லை என்று, 2025 ஜூன் 12 ஆமதாபாத் விபத்தின் முதற்கட்ட அறிக்கை குறிப்பிட்டது. பூட்டுதான் காரணம் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை, அதைக் கவனத்தில் வையுங்கள். ஜூலை 14 அன்று டி.ஜி.சி.ஏ., 21-ஆம் தேதிக்குள் சோதித்து முடிக்க உத்தரவிட்டது. ஆறரை ஆண்டு விருப்பமாக இருந்தது ஏழு நாளில் கடமையாகிவிட்டது.

கெடு இன்றோடு முடிகிறது, பட்டறை வேறு ஊரில் இருக்கிறது. அதுவரை ஒரு தடவை பறந்துகொள்ளலாமா?

ஏ.டி.யில் தடை இல்லாவிட்டால், தனி அனுமதி வாங்கி, பயணிகள் இல்லாமல் பறக்கலாம். வேறு சோதனை முறையும் அதே பாதுகாப்பைத் தரும் என்று நிரூபித்து அதற்கு ஒப்புதல் பெறவும் வழி உண்டு. வாய்மொழியாக ஒன்றும் நடக்காது.

2021-ல் நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்ததே, அதைச் சோதிக்காமல் விட்டார்களா?

நீலகிரியில் இந்தக் கேள்வி இல்லாமல் பேச்சு முடியாது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த விமானப்படையின் எம்.ஐ.-17வி5 அது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி உள்ளிட்ட 14 பேர் இறந்தனர். முப்படை விசாரணையின் முடிவை 2022 ஜனவரி 14 அன்று விமானப்படை வெளியிட்டது. இயந்திரக் கோளாறு, நாசவேலை, அலட்சியம் மூன்றும் இல்லை; பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததில் விமானிக்குத் திசை உணர்வு குழம்பி, தரையில் மோதியது என்றது. காட்டேரிப் பக்கம் மதிய மூட்டம் எப்படி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

உத்தரவு பற்றி: ராணுவ விமானங்கள் டி.ஜி.சி.ஏ.வின் கீழ் வருவதில்லை. அவற்றுக்குப் பாதுகாப்புத் துறையின் தனி அமைப்புகளும் தனிச் சோதனை முறைகளும் உண்டு. தனியார் வாடகை ஹெலிகாப்டர் என்றால் இங்கே சொன்ன விதிகள் அத்தனையும் பொருந்தும்.

நான் ஏறும் விமானத்தின் இன்ஜினைச் சோதித்தார்களா என்று நானே பார்க்க முடியுமா?

பாதிதான் முடியும். ஏ.டி.க்கள் பொது ஆவணம், எஃப்.ஏ.ஏ., ஈ.ஏ.எஸ்.ஏ. இணையதளங்களில் யாரும் படிக்கலாம். குறிப்பிட்ட விமானத்தில் அதை நிறைவேற்றிய ஏடு நிறுவனத்திடம் இருக்கும், உங்களுக்குக் காட்டமாட்டார்கள். வால்பக்கம் எழுதிய, 'வி.டி.' என்று தொடங்கும் விமானப் பதிவு எண்ணை வைத்தும் பயனில்லை. இன்ஜினைக் கழற்றி வேறு விமானத்தில் மாட்டுவது சாதாரணம். ஏ.டி. பின்தொடர்வது இன்ஜினின் எண்ணை, சில நேரம் டிஸ்க்கின் எண்ணையே.

சோதனை என்று சொல்லி விமானத்தை ரத்து செய்துவிட்டார்கள். மேட்டுப்பாளையம் வரை இறங்கிவிட்டோம். நஷ்டஈடு கிடைக்குமா?

மாற்று விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் ஒன்று கட்டாயம் தர வேண்டும். ரத்தை முன்கூட்டிச் சொல்லவில்லை என்றால் பறக்கும் நேரத்தைப் பொறுத்து ரூ.5,000, ரூ.7,500, ரூ.10,000 வரை நஷ்டஈடும் டி.ஜி.சி.ஏ. விதியில் உண்டு. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவானால் அந்தக் குறைந்த தொகைதான்.

ஒரு சிக்கல் இருக்கிறது. தவிர்க்க முடியாத சூழல் என்றால் நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்று அதே விதி சொல்கிறது. அந்தப் பட்டியலில் வெள்ளம், கலவரத்தோடு 'விமானத்தைப் பாதிக்கும் அரசு உத்தரவு' என்பதும் உண்டு. அதாவது உண்மையிலேயே திடீர் ஏ.டி. வந்து நிறுத்தியிருந்தால் நஷ்டஈடு கேட்பது கடினம். ஆனால் மாற்று விமானமும் பணமும் காத்திருக்கும்போது சாப்பாடும் அப்போதும் உங்கள் உரிமை.

ஆகையால் கவுன்ட்டரில் 'தொழில்நுட்பக் காரணம்' என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள். வழக்கமான பழுதா, அரசு உத்தரவா என்று கேளுங்கள். உத்தரவு என்றால் எந்தத் தேதியிட்டது, கெடு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு மாதத்துக்கு முன்பே வந்து, கெடு வரை தள்ளிப்போட்டு, கடைசி நாளில் ரத்து செய்திருந்தால் அதைத் திடீர் சூழல் என்று ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் போடும்போது அந்தத் தேதியை முதல் வரியில் எழுதுங்கள்.